இரண்டு அங்குல சிவப்பு வயர்

சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்ட பிறகும் ரேடியேட்டர் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மச்சினனுக்கு ஒரே குஷி. "மாமா, புது வண்டி மாதிரியே பண்ணிட்டீங்க. எஞ்சினை ஆஃப் பண்ணியும் ஃபேன் ஓடிச் சூட்டை எறக்குது பாருங்க" என்றான். நானும் தலையாட்டினேன். அப்படியொரு வசதியை நான் எங்கேயும் வயர் செய்யவில்லையே என்று அப்போது உறைக்கவில்லை. புகழ்ச்சி காதில் விழும்போது மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும் என்று ஷெட்டைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனோம்.

காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது.

வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக். மச்சினன் வாங்கியது சாலையில் ஓட்ட அல்ல. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2.1 கிலோமீட்டர் சுற்று. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் வண்டி கட்டிய கரிவரதனின் பெயர் வைத்த டிராக். கோயமுத்தூர்க்காரனுக்கு வண்டிக் கிறுக்கு பிடித்தால் அந்தப் பக்கம்தான் கால் போகும். இவனுக்கும் போனது. கேம் ஷாஃப்ட், இன்டேக் என்று ஒவ்வொன்றாக மாற்றினான். கடைசியில் கம்பெனி இசியூவுக்கு (எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர்) எஞ்சினே அடையாளம் தெரியாத நிலை வந்ததும் ஸ்பீடுயினோ போர்டு ஒன்றை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். ஆர்டுயினோ மெகா 2560 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டின் தலையில் உட்காரும் திறந்த மூல இசியூ அது. லேப்டாப்பில் டியூனர்ஸ்டுடியோவைத் திறந்து நமக்குத் தேவையானபடி அமைத்துக்கொள்ளலாம்.

என்னிடம் ஏன் வந்தான் என்றால், கணபதியில் பேனல் போர்டு கட்டும் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருஷமாகக் கான்டாக்டர், ரிலே, பிஎல்சி என்றுதான் பிழைப்பு. ரிலே என்பது சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச், உள்ளே இருக்கும் காயில் காந்தமாகி அதை இழுக்கும். பிஎல்சி என்பது மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர். மில்லுக்கும் ஃபவுண்டரிக்கும் பேனல் போகும். "கார்ல நாலு ரிலே, அதுல என்ன இருக்கு" என்று ஏற்றுக்கொண்டேன். இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்கான அபராதம்தான்.

முதலில் பிடிபட வேண்டிய விஷயம், பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆன விஷயம்: இந்த மாதிரி இசியூவின் அவுட்புட் கரண்ட் கொடுக்காது, எர்த் கொடுக்கும். என் கடையில் போகிற பிஎல்சி எல்லாம் பிஎன்பி அவுட்புட். அதாவது அவுட்புட் ஆன் ஆனால் அந்த டெர்மினலில் 24 வோல்ட் பிளஸ் வரும், ரிலே காயிலின் இன்னொரு முனை நிரந்தரமாக மைனஸில் இருக்கும். இசியூ இதற்குத் தலைகீழ். காயிலின் ஒரு முனையில் எப்போதும் 12 வோல்ட் காத்திருக்க வேண்டும். இன்னொரு முனையை இசியூ உள்ளே ஒரு மாஸ்ஃபெட், அதாவது மின்னணு சுவிட்ச், எர்த்துக்கு இழுக்கும். இப்படி எர்த் பக்கம் இழுக்கும் என்பிஎன் அவுட்புட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. எனக்கும் தெரியும். தெரிந்திருப்பது வேறு, கை பழகியிருப்பது வேறு. சர்க்யூட் வரையும்போதெல்லாம் கை தானாகக் காயிலின் ஒரு முனையை எர்த்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டு தாள் கிழித்த பிறகுதான் ஒழுங்காக வந்தது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. எர்த் பக்கம் உட்காரும் மாஸ்ஃபெட்டை 5 வோல்ட்டில் ஓடும் சிப்பே நேரடியாகத் திறந்து மூடிவிடும். அதையே பிளஸ் பக்கம் வைத்தால் கேட்டுக்குப் பேட்டரியைவிட அதிக வோல்ட் தயாரித்துக் கொடுக்க வேண்டும், செலவும் சிக்கலும் கூடும். இன்னொன்று, காரின் பாடி முழுவதும் எர்த். இசியூவிலிருந்து போகும் வயர் எங்காவது தகரத்தில் உரசித் தோல் போனால் ஃபியூஸ் போகாது, அந்த ரிலே மட்டும் ஆன் ஆகி நிற்கும். ஃபேன் தேவையில்லாமல் ஓடும், அவ்வளவுதான். பிளஸ் வயர் உரசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ரிலே விஷயம் எளிது. 30, 85, 86, 87 என்று அடியில் எண் போட்டிருப்பார்கள், ஜெர்மன்காரர்களின் டிஐஎன் 72552 என்ற தரத்திலிருந்து வந்த எண்கள். 30-க்குப் பேட்டரி, 87-இல் லோடு (ஃபேன், பம்ப் மாதிரி கரண்ட் இழுக்கும் சாமான்), 85-ம் 86-ம் காயில். சில ரிலேயில் நடுவில் 87ஏ இருக்கும், ரிலே ஆஃபில் இருக்கும்போது 30 அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். நமக்கு அது தேவையில்லை, ஆனால் அவசரத்தில் 87 என்று நினைத்து அதில் லோடைச் சொருகினால் சாவி போடாமலேயே பெட்ரோல் பம்ப் ஓடும். (ஓடியது.) காயில் ரெசிஸ்டன்ஸ் அளந்தேன், 85 ஓம். 12.4 வோல்ட்டில் கிட்டத்தட்ட 146 மில்லி ஆம்ப். ஃபேன் இழுப்பது 11 ஆம்ப். இசியூவின் மெல்லிய கால் வழியாக 11 ஆம்ப்பை ஓடவிட முடியாது, 146 மில்லி ஆம்ப் ஓடலாம். நடுவில் ரிலே இருப்பதற்கு வேறு காரணம் கிடையாது.

உக்கடத்தில் பழைய சாமான் கடையில் மூடியோடு ஒரு ரிலே பெட்டி கிடைத்தது. அதை டேஷ்போர்டுக்குக் கீழே வைத்து மெயின் ரிலே, பம்ப் ரிலே இரண்டையும் உட்கார வைத்தேன். சாவியின் ஐஜி லைன் (சாவியைத் திருப்பினால் 12 வோல்ட் வரும் வயர்) மெயின் ரிலேயின் காயிலைத் தூக்கும். மெயின் ரிலேயின் 87-லிருந்து இசியூ, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், பம்ப் ரிலேயின் காயில் எல்லாவற்றுக்கும் பிளஸ் போகும். சாவி போட்டதும் இசியூ மூன்று விநாடி பம்ப்பை ஓடவிட்டு லைனில் பிரஷர் ஏற்றி நிறுத்தும். எஞ்சின் சுற்றும் சிக்னல் வந்தால்தான் மறுபடி ஓட்டும். "பம்ப்பை நேரா சாவியிலயே குடுத்தா ஒரு ரிலே மிச்சம்ல மாமா" என்றான் மச்சினன். வண்டி கவிழ்ந்து எஞ்சின் நின்று, பெட்ரோல் குழாய் அறுந்து, சாவி மட்டும் ஆனில் இருந்தால் பம்ப் என்ன செய்யும் என்று கேட்டேன். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்து டையோடு, கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் சாமான். இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. வினையும் இங்கேதான் ஆரம்பம்.

காயில் என்பது சும்மா சுற்றிய கம்பி இல்லை, ஓடும் கரண்ட்டை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும் ஜாதி. திடீரென்று வழியை அடைத்தால் எதிர்த்துக்கொண்டு வோல்ட்டைத் தூக்கும். 12 வோல்ட் ரிலே காயிலே 100 வோல்ட்டைத் தாண்டி ஒரு குத்து குத்தும். மாஸ்ஃபெட் அதை ஒருநாள் தாங்கும், இரண்டு நாள் தாங்கும். பேனலில் டிசி ரிலே என்றால் பேஸிலேயே டையோடு இருக்கும், இல்லாவிட்டால் நாமே போடுவோம். அதே பழக்கத்தில், போர்டில் கூடுதல் வேலைக்கென்று விட்டிருந்த துளைகளில் நான்கு 1என்4007 டையோடு வைத்துச் சால்டர் செய்தேன். ஒவ்வொரு அவுட்புட் காலிலிருந்தும் ஒரு டையோடு, வெள்ளைக் கோடு உள்ள பக்கம் போர்டின் 12 வோல்ட் லைனில். அவுட்புட் அணையும்போது எழும் குத்து டையோடு வழியாக 12 வோல்ட் லைனுக்கு ஏறி, காயிலைச் சுற்றி வந்து அடங்கிவிடும். பார்க்க அழகாக இருந்தது. போட்டோ எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸில்கூடப் போட்டேன்.

இன்ஜெக்டருக்கு இந்த டையோடு கூடாது, அதை மட்டும் சரியாகச் செய்தேன். டையோடு போட்டால் காயிலில் கரண்ட் மெதுவாகத்தான் வடியும். ரிலே சில மில்லி விநாடி தாமதமாக விடுபட்டால் யாருக்கும் கவலையில்லை. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரமே ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, இரண்டு மூன்று மில்லி விநாடிதான், அது தாமதமாக மூடினால் பெட்ரோல் கணக்கே போச்சு. அதனால் அங்கே வோல்ட்டை 30, 40 வரை ஏறவிட்டு அதற்குமேல் வெட்டுகிற மாதிரி மாஸ்ஃபெட்டுகளை வைக்கிறார்கள். ஐடிலில் காற்றை அளந்து விடும் ஐடில் வால்வு இதற்கு நேர் எதிர். அதை இசியூ விநாடிக்குப் பல தடவை ஆன், ஆஃப் செய்து பாதி திறப்பில் நிறுத்துகிறது, பிடபிள்யூஎம். அங்கே டையோடு இருந்தால்தான் ஆஃப் நேரத்திலும் கரண்ட் சுற்றி வந்து வால்வு ஆடாமல் நிற்கும். காயில் என்று பார்த்தால் மூன்றும் ஒன்றுதான், வேலை மூன்றுக்கும் மூன்று விதம்.

பிடபிள்யூஎம் என்றதும் நினைவு வருகிறது. டியூனர்ஸ்டுடியோவில் ஐடில் வால்வுக்கான காலையும் ஃபேனுக்கான காலையும் மாற்றித் தேர்வு செய்துவிட்டு ஒரு சாயங்காலம் சாவியைப் போட்டேன். ரிலே வண்டு மாதிரி ரீங்காரம் போட ஆரம்பித்தது. ரிலேயைத் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. அம்மா வீட்டுக்குள்ளிருந்து, "ஏண்டா, காருக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கா?" என்று கேட்டார். ரிலேக்கு ஆன் உண்டு, ஆஃப் உண்டு, பாதி கிடையாது.

இனி விடெக் கதை.

இந்த எஞ்சினில் ஹெட்டின் பக்கவாட்டில் ஒரு சாலினாய்டு, அதாவது கரண்ட் கொடுத்தால் திறக்கும் வால்வு, உட்கார்ந்திருக்கும். ஆர்பிஎம் ஏறியதும் அது திறந்து ஆயில் பிரஷரை எஞ்சின் வால்வைத் தள்ளும் ராக்கருக்கு விடும், ஒரு பின் நகர்ந்து ராக்கர்களைப் பூட்டும், வால்வு இன்னும் உயரமாகத் திறக்கும். ஸ்பீடுயினோவில் நாமே விதி எழுதும் அவுட்புட் உண்டு. 4,800 ஆர்பிஎம்மில் ஆன், 4,600-க்குக் கீழே வந்தால் ஆஃப் என்று எழுதினேன். நடுவில் அந்த 200 இடைவெளி இல்லாவிட்டால் எல்லையில் நிற்கும்போது ஆன், ஆஃப், ஆன், ஆஃப் என்று அடித்துக்கொள்ளும். சாலினாய்டிலிருந்து ஒரே ஒரு வயர் வெளியே வந்தது. அதை இசியூ காலில் கொடுத்தேன். லேப்டாப்பில் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினேன். ஒன்றுமில்லை. வயரைப் பார்த்தேன், எங்கும் அறுபடவில்லை, கன்டினியூட்டி இருக்கிறது. சாலினாய்டு போயிருக்கும் என்று முடிவு கட்டினேன்.

தெரு முனையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். மல்டிமீட்டர் வைத்துக்கொள்வதில்லை, சட்டைப் பையில் டெஸ்ட் லேம்ப் மட்டும். புது சாலினாய்டு எங்கே கிடைக்கும் என்று கேட்கத்தான் போனேன். வந்து பார்த்தார்.

"ஏந்தம்பி, இதுக்கு எர்த் எங்க?"

"இசியூ எர்த் குடுக்குதுங்ணா."

"அது குடுக்குது செரி. இதுக்கு ஏற்கெனவே எர்த் இருக்குதே" என்று சாலினாய்டை ஹெட்டோடு இறுக்கியிருந்த போல்ட்டைத் தட்டிக் காட்டினார்.

பேட்டரியிலிருந்து ஒரு வயரை எடுத்து அந்த ஒற்றை வயரில் தொட்டார். டக். எடுத்தார். டக். அவ்வளவுதான். சாலினாய்டின் உள் காயிலில் ஒரு முனை அதன் உடம்பிலேயே, எஞ்சின் வழியாக எர்த்தில் இருக்கிறது. கம்பெனி இசியூ அதற்குப் பிளஸ்ஸைக் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் எர்த்தில் இருக்கிற காயிலுக்கு இன்னொரு எர்த்தைக் கொடுத்து, ஏன் இழுக்கவில்லை என்று இரண்டு மணி நேரம் யோசித்திருக்கிறேன். தமாஷ் என்னவென்றால், என் கை பழகிய பிஎன்பி வயரிங்கை அப்படியே கேட்கிற ஒரே சாமான் அந்த வண்டியில் இதுதான். அதற்குத்தான் ஞாபகமாக மாற்றிச் செய்திருக்கிறேன்.

தீர்வுக்கு இன்னொரு ரிலே. இசியூ ரிலேயின் 85-ஐ எர்த்துக்கு இழுக்கும், 86-க்கு மெயின் ரிலேயிலிருந்து பிளஸ், 30-க்கும் அதே இடத்திலிருந்து 5 ஆம்ப் ஃபியூஸ் வழியாக, 87-லிருந்து சாலினாய்டுக்கு. எர்த்தைப் பிளஸ்ஸாக மாற்றித் தரும் வேலை. அண்ணனிடம் காசு கேட்டதற்கு, "டீ வாங்கிக் குடு, போதும்" என்றார். டீ குடிக்கும்போது சர்க்யூட் வரைந்த தாளைக் காட்டினேன். "படமெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு மடித்துக் கொடுத்தார். அந்த 'தான்' ராத்திரி வரை குடைந்துகொண்டிருந்தது.

சரி, பேட்டரிக்கு வருவோம்.

முதல் தடவை செத்தபோது பழைய பேட்டரி, அதன் காலம் முடிந்தது என்று நினைத்தோம். சார்ஜ் ஏற்றினேன். ஃபேன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. சாவியைப் போட்டு எடுத்துப் பார்த்தேன், ஃபேன் அசையவில்லை. இருமுறை, மும்முறை பார்த்தேன், அசையவில்லை. ஃபேன் குற்றவாளி இல்லை என்று விடுவித்தேன். எஞ்சின் குளிர்ந்திருக்கிறது, ஃபேன் ஆன் ஆகவே இல்லை, ஆன் ஆகாததை ஆஃப் ஆகிறதா என்று பார்த்திருக்கிறேன் என்று இப்போது சொல்வது எளிது.

சாவி இல்லாதபோது பேட்டரியிலிருந்து எவ்வளவு போகிறது என்றும் அளந்தேன். மைனஸ் டெர்மினலைக் கழற்றி நடுவில் மீட்டரை வைத்தேன். 80 மில்லி ஆம்ப். கொஞ்சம் அதிகம்தான், 50-க்குள் இருந்தால் நிம்மதி. ஸ்டீரியோ மெமரிக்கு இழுக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வண்டியில் ஸ்டீரியோவைப் பிடுங்கி எறிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை மறுபடியும் சாவு. மச்சினன் புதுப் பேட்டரி வாங்கினான். ஒரு வாரம் ஓடியது. அந்த ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், ஷெட்டில் வைத்து ஐடிலைச் சரிசெய்துகொண்டிருந்தோம். நின்ற இடத்தில் ஓடினால் சூடு ஏறத்தானே செய்யும், 94 டிகிரியில் ஃபேன் ஓட ஆரம்பித்தது. போதும் என்று சாவியை எடுத்தேன். ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. மச்சினன் மறுபடி "சூப்பர்ல" என்றான். நான் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். ரேடியேட்டர் ஆறிவிட்டது. அது நிற்கிற மாதிரி இல்லை.

உள்ளே போய் இசியூவின் கனெக்டரைப் பிடுங்கினேன். ஃபேன் நின்றது.

இது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. சாவி என் கையில். மெயின் ரிலே விழுந்துவிட்டது, டக் என்ற சத்தம் கேட்டேன். இசியூவுக்கு 12 வோல்ட் கிடையாது. உயிரில்லாத இசியூ ஃபேனை எப்படிப் பிடித்துக்கொண்டிருக்க முடியும்? கனெக்டரைத் திரும்பச் சொருகினேன், ஃபேன் வரவில்லை. போர்டு மூடியைத் திறந்தேன். ஆர்டுயினோவின் எல்இடி, அணையப்போகும் ஊதுபத்தி மாதிரி, மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. 12 வோல்ட் காலில் மீட்டரை வைத்தேன். 4.9 வோல்ட்.

பன்னிரண்டும் இல்லை, பூஜ்யமும் இல்லை. பேனல் வேலையில் இப்படி ஒரு எண் வந்தால் ஒரே அர்த்தம்: எங்கிருந்தோ, ஏதோ ஒரு லோடு வழியாக, பின்வாசலில் கரண்ட் வருகிறது.

மற்ற ரிலேக்கள் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்க, ஃபேன் ரிலேயை மட்டும் கடைசியில், முன்னால் ரேடியேட்டர் பக்கத்தில் வைத்திருந்தேன். அங்கே பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு வரும் தடித்த வயர் 30-க்கு ஏற்கெனவே வந்துவிட்டது. காயிலின் 86-க்கு மெயின் ரிலேயிலிருந்து பிளஸ் கொண்டுவர ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகரச் சுவர்) தாண்டி இரண்டு மீட்டர் வயர் இழுக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி, பசி வேறு. 30-லிருந்து 86-க்கு இரண்டு அங்குலத்தில் ஒரு சிவப்பு வயர்த் துண்டைப் போட்டு முடித்துவிட்டேன். எல்லாரும் போடுவதுதான். எத்தனையோ வண்டிகளில் ஹாரன் ரிலே, லைட் ரிலே எல்லாம் அப்படித்தான் இருக்கும், தப்பில்லை. எர்த் பக்கம் சாதாரண சுவிட்ச் இருக்கிற வரை தப்பில்லை.

என் வண்டியில் எர்த் பக்கம் சுவிட்சுக்குப் பக்கத்தில் என் கையாலேயே வைத்த டையோடு இருந்தது. இப்போது பாதையைப் பாருங்கள். சாவி எடுத்தாயிற்று. பேட்டரியின் 12.4 வோல்ட் சிவப்புத் துண்டு வழியாக 86-க்கு எப்போதும் வருகிறது. காயிலுக்குள் போய் 85-இல் வெளியே வந்து இசியூவின் ஃபேன் காலுக்குப் போகிறது. மாஸ்ஃபெட் மூடியிருக்கிறது, எர்த்துக்கு வழியில்லை. ஆனால் டையோடு இருக்கிறதே. அதன் மேல் முனை போர்டின் 12 வோல்ட் லைன், அது இப்போது காலி. டையோடுக்கு இதைவிட நல்ல வாசல் வேண்டுமா? கரண்ட் அதில் ஏறிப் போர்டுக்கு உயிர் கொடுக்கிறது. போர்டு இழுப்பது சுமார் 80 மில்லி ஆம்ப். 85 ஓம் காயிலில் 80 மில்லி ஆம்ப் ஓடினால் 6.8 வோல்ட் அங்கே விழும். டையோடுக்கு 0.7. 12.4-இல் இரண்டையும் கழித்தால் 4.9. மீட்டர் சொன்ன அதே எண். தாளில் கணக்குப் போட்டு அந்த 4.9 விழுந்தபோது சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. ஸ்டீரியோவின் பேரில் நான் எழுதிவைத்த 80 மில்லி ஆம்ப்பும் இதுதான்.

சில நாள் மட்டும் பேட்டரி செத்ததற்கும் பதில் கிடைத்தது. கடைக்கு ரிலேயைக் கொண்டுபோய்ப் பவர் சப்ளையில் வைத்து வோல்ட்டை மெல்ல ஏற்றினேன். 7.3 வோல்ட்டில்தான் இழுத்தது. இறக்கிக்கொண்டே வந்தேன். 2.6 வரை விடவில்லை. ரிலே எதுவானாலும் இழுக்கத்தான் அதிக பலம் வேண்டும், இழுத்ததைப் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் போதும். சாவி எடுக்கும்போது ஃபேன் சும்மா இருந்தால், 6.8 வோல்ட்டால் ரிலேயை இழுக்க முடியாது, 80 மில்லி ஆம்ப் மட்டும் சொட்டும், பேட்டரி இரண்டரை வாரம் தாங்கும். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியை எடுத்தால், 6.8 வோல்ட் அந்தப் பிடியை விடாது, 11 ஆம்ப்பில் ஃபேன் ஓடும், 35 ஆம்ப் ஹவர் பேட்டரி நடுராத்திரிக்குள் காலி. கனெக்டரைத் திரும்பச் சொருகியும் ஃபேன் வராததும் இதனால்தான். ஒருமுறை விட்ட ரிலேயைத் திரும்ப இழுக்க 6.8 வோல்ட்டுக்குத் தெம்பில்லை.

சிவப்புத் துண்டைக் கழற்றினேன். ஃபயர்வாலில் ரப்பர் கிராமெட்டைத் தள்ளி, இழுக்காமல் விட்ட அந்த இரண்டு மீட்டர் வயரை இழுத்து, ஃபேன் ரிலேயின் 86-ஐயும் மற்ற ரிலேக்களோடு மெயின் ரிலேயின் 87-இல் சேர்த்தேன். சாவி எடுத்ததும் எல்லாக் காயிலின் பிளஸ்ஸும் இசியூவின் பிளஸ்ஸும் ஒரே நேரத்தில் சாகும், பின்வாசலில் நுழைய யாருமில்லை. ஃபேன் ஓடும்போது சாவியை எடுத்தேன், நின்றது. இன்னும் நான்கு தடவை செய்து பார்த்தேன். மீட்டரை வைத்தேன், 8 மில்லி ஆம்ப், கடிகாரத்துக்கு. விலைக்கு வாங்கும் இசியூக்களிலும் சிலவற்றில் அவுட்புட்டில் இதே டையோடு உள்ளேயே இருக்கும். 'லோடுக்குச் சாவி வழியாக வரும் சப்ளையை மட்டுமே கொடுக்கவும்' என்று வயரிங் கையேட்டில் ஒரு வரி போட்டிருப்பார்கள். நான் பலமுறை படித்த வரி. ஏதோ பேட்டரி மிச்சம் பிடிக்கச் சொல்கிறார்கள் போல என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

தெரு முனை அண்ணனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். டையோடு, மாஸ்ஃபெட் எல்லாம் அவருக்குச் சுவாரசியப்படவில்லை. "86-ல லைவ் லைன் குடுத்தியா?" என்றார். ஆமாம் என்றேன். "கம்ப்யூட்டர் வண்டில அப்பிடிக் குடுக்க மாட்டமே தம்பி" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, கையில் இருந்த செல்ஃப் மோட்டரைத் துடைக்கப் போய்விட்டார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. டீ குடித்தபோதே என் படத்தில் அதைப் பார்த்திருப்பாரோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது.

மச்சினனுக்குத்தான் வருத்தம். கரியில் நாலைந்து சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால் எஞ்சின் கொதிக்கிறதாம், சாவி எடுத்ததும் ஃபேனும் நின்றுவிடுகிறதாம். "மாமா, முன்னாடி இருந்துச்சுல, அது நல்லாத்தான இருந்துச்சு. அதைத் திரும்பப் போட முடியாதா?"

போடலாம். பழைய ரேடியேட்டரில் தெர்மோ சுவிட்ச் ஒன்று இருந்தது, சூடானால் எர்த் கொடுக்கும், ஆறினால் விடும். அதற்குத் தனியாக ஒரு ரிலே வைத்து, இசியூ பக்கமே போகாமல் வயர் செய்தால் சாவி இல்லாமலும் ஃபேன் ஓடும், தானாக நிற்கவும் செய்யும். அந்த ரிலேயின் 86-க்கு நேர் பேட்டரி லைன் வேண்டும். சிவப்புத் துண்டு டூல் பெட்டியில்தான் கிடக்கிறது, அளவு சரியாக இருக்கும்.

அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன்.